நோர்வூட் கரையில் சுரண்டிப் பார்த்த மோட்டார் படகு

போன பதிவின் கீழே மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். கேபின் வைத்த பழைய மோட்டார் படகு ஒன்று எங்கேயோ கிடக்கிறது, அது எந்தக் காலத்தது, யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் ஒருவர் அடுத்த மாதம் காசல்ரீப் பக்கம் ஒரு படகைப் பார்க்கவே போகிறாராம். "பெயின்ட்டைப் பார்த்தால் தெரியாதா ஐயா?" என்று வேறு கேட்டிருக்கிறார். தெரியாது தம்பி. தெரியும் என்று நினைத்துப் போய் மூக்குடைபட்டவன் நான். அந்தக் கதையையும் போன வழியையும் எழுதிவிடுகிறேன். எனக்கு எண்பத்தேழு வயது. சொல்வது நான், தட்டச்சு செய்வது மகள். தப்பிருந்தால் அவளைத் திட்டுங்கள்.

1966 பிப்ரவரி. நான் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். கல்யாணமாகி மூன்று வருஷம். என்னிடம் ஒரு படகு இருந்தது, அதாவது காகிதத்தில் இருந்தது. தோட்டத்து மேனேஜரான எங்கள் பெரிய துரை நுவரெலியா ஏரியில் இருபத்திரண்டு அடி மோட்டார் படகு ஒன்று வைத்திருந்தார். கொழும்பிலிருந்து நானுஓயா வரை ரயிலிலும், அங்கிருந்து லொறியிலும் வந்தது. அதன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டவன் நான். 1961இல் துரை சீமைக்குத் திரும்பும்போது, "என் மோட்டார் படகு, எஞ்சின், சாமான்கள் எல்லாம் ஃபிட்டர் சவரிமுத்துவுக்கு" என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார். கடிதம் என் பெட்டியில் இருந்தது. படகு ஏரிக் கொட்டகையில் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் போய்ப் பார்த்தேன், கொட்டகை மட்டும்தான் இருந்தது.

தேடாத இடமில்லை. யாரைக் கேட்டாலும் "லொறியில ஏத்துனாங்க" என்பதோடு முடிந்தது. மூன்று வருஷம் கழித்து, ஃபாக்டரிக்கு விறகு கொண்டுவரும் லொறிக்கார மாரிமுத்து அண்ணன்தான் வாயைத் திறந்தார். "சவரி, நோர்வூட்டுக்கிட்ட காசல்ரீயில புதுசா அணை போட்டுத் தண்ணி கட்டியிருக்காங்கல்ல, அந்தக் கரையில ஒரு போட்டு கெடக்குப்பா. வூடு மாதிரி வச்சது. பச்சைப் பெயின்ட்டு." எங்கள் படகுக்குக் கடைசியாக அடித்ததும் பச்சைதான்.

இதில் படகு ஆசை மட்டும் இல்லை. எங்கள் குடியுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. தோட்டத்தில் என் அப்பாவையும் சேர்த்து சந்தியாகு என்ற பெயரில் இரண்டு பேர். மற்ற சந்தியாகு இலங்கைக்கு வந்த வருஷத்தை என் அப்பா வந்த வருஷமாக, தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் யாரோ எழுதிவைத்திருந்தார்கள். அப்பா ஒன்று சொன்னார், பதிவு வேறொன்று சொன்னது, பதிவுதான் ஜெயித்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒப்பந்தமாகி, யார் இங்கே, யார் அங்கே என்று எங்கள் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் அதே பேச்சாக இருந்த காலம் அது. என் மனைவி பிலோமினாவின் அப்பா அம்மா திருச்சிக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டார்கள். அவளும் ட்ரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தாள். நான்தான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் புதுத் தண்ணீர் தோட்டங்களுக்கு இடையே இருந்த குறுக்குப் பாதைகளை மூழ்கடித்துவிட்டது. எதிர்க்கரைக்காரர்கள் சந்தைக்கு ஐந்து மைல் சுற்றி நடந்தார்கள். அங்கே ஒரு படகு ஓடினால் ஒரு குடும்பம் பிழைக்கலாம் என்பது என் கணக்கு.

"ஏங்க, ஒரே பேச்சு" என்றாள் பிலோமினா, நான் புறப்படும்போது. "போட்டு கெடச்சா நோர்வூட்டு. கெடைக்கலேன்னா அப்பாவோட ராமேஸ்வரம் கப்பலு. இந்தப் பொட்டிய மாசா மாசம் பிரிச்சுப் பிரிச்சுக் கட்ட என்னால முடியாது." சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஃபாக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயாவிடம் ஒரு நாள் லீவு கேட்டு வாங்கினேன். காலை ஏழேகால் ரயில். வட்டகொடையிலிருந்து ஹட்டன் பதின்மூன்று மைல், மூன்றாம் வகுப்பு எண்பது சதம். தலவாக்கலையில் கூட்டம் ஏறி, கொட்டகலையில் இன்னும் ஏறி, சிங்கமலைச் சுரங்கத்துக்குள் போகும்போது என் மடியில் யாருடையதோ ஒரு கூடை இருந்தது. சிவனொளிபாத மலைப் பருவம் வேறு. வெள்ளை உடுத்திய யாத்திரிகர்கள் பெட்டி பெட்டியாக. ஒன்றரை மணி நேரத்தில் போக வேண்டிய ரயில் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது.

ஹட்டனில் இறங்கினால் நோர்வூட் வழியாகப் போவது மலையடிவாரத்து நல்லதண்ணி பஸ்தான். எல்லா இடமும் மலைக்குப் போகிறவர்களுக்கு. கண்டக்டர் என்னைப் பார்த்து, "எட்டு மைல்காரங்க எல்லாம் அடுத்த பஸ்ஸுல வாங்க" என்றார். அடுத்த பஸ்ஸிலும் அதையே சொன்னார்கள். மூன்றாவதில் கேட்காமலே ஏறிவிட்டேன். நாற்பது சதம். டிக்கோயா தாண்டியதும் வலது பக்கம் தண்ணீர் தெரிந்தது. போன வருஷம் தேயிலை நின்ற சரிவுகள் தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தன. கரையோரத்தில் பாதி மூழ்கிய நிழல்மரங்கள். அழகு என்று சொல்ல மனசு வரவில்லை. ஆனால் படகு ஓட்டத் தோதான தண்ணீர் என்று சொல்லத்தான் வேண்டும். பதினொன்றரைக்கு, நோர்வூட்டுக்கு முக்கால் மைல் முன்பே இறங்கினேன்.

மரம் அறுத்து விற்கும் மரக்காலை வைத்திருந்த சோமபால முதலாளியின் இடத்தில்தான் படகு கிடந்தது. மேட்டில் மரக்காலை, கீழே சேற்றுக்கரை, நடுவில் மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்த படகு. கேபின் கூரை பறந்துபோய் வெறும் சட்டம் நின்றது. மூக்கு, வயிறு, பின்பக்க வளைவு எல்லாம் அப்படியே. இது என் படகு என்று கரையில் நின்றபடியே முடிவு கட்டிவிட்டேன். முதல் தப்பு அது.

முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல சந்தைத் தமிழ், நடுநடுவே 'சரி' என்பதற்குச் சிங்களத்தில் ஒரு 'ஹரி'. கடிதத்தை நீட்டினேன். இங்கிலீசை மெதுவாக எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், சிரித்தார்.

"தம்பி, நான் இத ஒரு புரோக்கர்கிட்ட வாங்கினேன். பேப்பர் இல்ல. யார் போட்டுன்னு பேப்பர் இல்லாம தண்ணியில எறக்க விடமாட்டேன்னு அணைக்கட்டு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஒரு வருஷமா கெடக்கு. எங்கிட்ட போட்டு இருக்கு, பேப்பர் இல்ல. ஒங்கிட்ட பேப்பர் இருக்கு, போட்டு இல்ல."

"அப்ப என்ன செய்யலாங்க முதலாளி?"

"இது ஒன் போட்டுதான்னு எனக்குக் காட்டு. காட்டினா, நாளைக்கே ஆபீஸுக்குப் போவோம். போட்டு ஒன்னோடது. நான் போட்ட காசுக்கு ரெண்டு பேரும் சேந்து ஓட்டுவோம். ஆனா சும்மா வாயால சொல்லாத. போன மாசமும் ஒருத்தன் வந்து அவன் மாமா போட்டுன்னான். மாமா பேரே அவனுக்குத் தெரியல."

அதற்குத்தான் நான் தயாராக வந்திருந்தேன். தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கொம்பனியின் மேற்பார்வைத் துரை வருவார். அவர் வருவதற்கு முந்தின வாரம் கண்ணில் படுவதற்கெல்லாம் பெயின்ட் அடிப்போம். ஃபாக்டரிக் கதவு, தண்ணீர்த் தொட்டி, பாலத்துக் கம்பி, சும்மா நிற்கும் கல் வரைக்கும். கொம்பனி பீப்பாயில் என்ன நிறம் அனுப்புகிறதோ அதுதான் அந்த வருஷத்து நிறம். எங்கள் துரை கொஞ்சம் சிக்கனக்காரர். மிஞ்சின பெயின்ட்டைப் படகுக்கும் அடிக்கச் சொல்வார். ஐந்து வருஷம் அடித்தவன் நான்.

"முதலாளி, கத்தியத் தொடாம சொல்றேன், கேட்டுக்குங்க. மேல பச்சை. அதுக்குக் கீழ வெள்ளிப் பெயின்ட்டு. அதுக்குக் கீழ மறுபடி பச்சை. அப்புறம் காவி. அடியில மஞ்சள். அதுக்கும் அடியில வெள்ளை, அது கட்டினவங்க அடிச்சது."

அவரே கத்தியை எடுத்துவந்து சுரண்டினார். பச்சை. வெள்ளி. பச்சை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காவி. மஞ்சள். வெள்ளை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு என் தோளைத் தட்டினார். "ஹரி! முடிஞ்சுது. ஒன் போட்டுதான்." மேலே திரும்பி இரண்டு டீ கொண்டுவரச் சொல்லிச் சத்தம் போட்டார். பிலோமினா பெட்டியைப் பிரிப்பது கண்ணுக்குள் வந்தது.

டீ வருவதற்குள் உள்ளே ஏறினேன். பார்க்க வேண்டும் என்ற ஆசைதான், சோதிக்க அல்ல. 1959இல் துரை படகைக் கொண்டுபோய் ஒரு கம்பத்தில் முட்டிவிட்டார். இடது பக்கம் தரைப்பலகைக்குக் கீழே பிளந்துவிட்டது. நான் தேயிலைப் பெட்டிப் பலகையை வெட்டி, பெட்டிக்குள் வைக்கும் ஈயத்தாளை அடியில் கொடுத்து ஒட்டுப் போட்டேன். அசிங்கமான ஒட்டு, ஆனால் ஒரு சொட்டு ஒழுகியதில்லை. அதைத் தொட்டுப் பார்க்கலாம் என்று தரைப்பலகையைத் தூக்கினேன்.

ஒட்டு இல்லை. யாரோ சரிசெய்ததற்கான தடமும் இல்லை. மூக்கிலிருந்து பின்பக்கம் வரை ஒரே பலகை, கட்டின நாளிலிருந்து யாரும் தொடாதது. வலது பக்கமும் பார்த்தேன். பிறகு ஸ்டியரிங் பலகையைப் பார்த்தேன். எங்கள் படகில் அங்கே கட்டினவர்களின் தகடு கிடையாது, நான்கு திருகாணி ஓட்டை மட்டும்தான். இதில் பெயின்ட்டுக்கு அடியில் சதுரமாக ஒன்று மேடு தட்டியிருந்தது. நகத்தால் பெயர்த்தேன். பித்தளை.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் கொம்பனிக்கு நான்கு தோட்டங்கள். ஒரே கடையில் பெயின்ட் வாங்கி நான்குக்கும் ஒரே நிறம்தான் அனுப்புவார்கள். ஏரியில் எங்கள் கொட்டகைக்கு அடுத்த கொட்டகை, அதே கொம்பனியின் பக்கத்துத் தோட்டத் துரையுடையது. அவரிடமும் ஒரு படகு உண்டு. இரண்டு துரைமாரும் ஒரே ஆளிடம் கட்ட வைத்தார்கள் என்று பேச்சு. அந்தக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், இடுக்கில் பார்த்தால் படுதா மட்டும் தெரியும். அவரும் அதே வருஷம் கப்பலேறிவிட்டார். ஐந்து நிறத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தவன், பீப்பாய்கள் நான்கு தோட்டத்துக்கும் போனதை யோசிக்கவில்லை. ஃபாக்டரிக்காரன் புத்தி ஃபாக்டரியைத் தாண்டிப் போகவில்லை.

தரைப்பலகையை மறுபடி மூடிவிட்டு இறங்கியிருக்கலாம். பொய் சொல்ல ஆசைப்பட்டேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. முதலாளி ஒத்துக்கொண்டுவிட்டார், ஆபீஸ்காரருக்குக் கடிதம் போதும், பக்கத்துத் தோட்டத் துரை சீமையில் இருக்கிறார். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் அந்தப் படகுக்குள் உட்கார்ந்திருந்தபோது அப்பா ஞாபகம்தான் வந்தது. வேறொரு சந்தியாகுவின் வருஷத்தை அவர் தலையில் ஒட்டியதால் வந்த வினையைத்தான் நாங்கள் அனுபவித்துக்கொண்டிருந்தோம். ஒன்றின் காகிதத்தை இன்னொன்றின் மேல் ஒட்டுகிற வேலையை நானும் செய்வதா? எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. இறங்கினேன்.

"முதலாளி, இது என் போட்டு இல்லீங்க."

டீக்கோப்பையை நீட்டிய கை அப்படியே நின்றது. "பெயின்ட்டு சரியா இருக்கே!"

"பெயின்ட்டு சரிதாங்க. போட்டுதான் வேற." ஒட்டு விஷயத்தையும் பீப்பாய் விஷயத்தையும் சொன்னேன். தகட்டைக் காட்டினேன். சட்டைப்பையில் சாக்குக்கட்டி இருந்தது, அதைத் தகட்டின் மேல் தேய்த்துத் துணியால் துடைத்ததும் கட்டின ஊரும் எண்ணும் பளிச்சென்று வெள்ளையாக வந்தன. அவர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"நீ பேசாம இருந்திருக்கலாம்" என்றார்.

"இருந்திருக்கலாந்தான்."

"ஹரி. டீயக் குடி. ஃபிட்டர்தான நீ? வந்தது வந்தே, எஞ்சின் ஏன் கெளம்பலேன்னு பாத்துச் சொல்லிட்டுப் போ. அதாவது மிஞ்சட்டும்."

எஞ்சின் படகில் இல்லை. ஈரம் பிடிக்காமல் இருக்க மரக்காலைக்குள் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். படகு தனி லொறியில் வந்ததாம், எஞ்சின் நுவரெலியாப் பழைய இரும்புக்காரனிடமிருந்து வேறு லொறியில் வந்ததாம். சாக்கை எடுத்தேன். தண்ணீர்ப் பம்பைக் கழற்றினேன். உள்ளே அச்சைத் தாங்கும் ஒரு பித்தளைப் புஷ். கடையில் வாங்கியதில்லை. கொழுந்து உருட்டும் ரோலரின் தேய்ந்த பித்தளையைக் கடைந்து, ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக அராவிவிட்டு, அதை மறைக்க அரைவட்டமாக வெட்டி விட்டது. வெட்டியவன் நான். என் கையெழுத்தைக்கூட நான் அத்தனை நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். முதலாளி பயந்துபோய்விட்டார். விஷயத்தைச் சொன்னதும் புஷ்ஷை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இதும் நாலு தோட்டத்துக்கு அனுப்பினதா?" என்று கேட்டார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"இல்லீங்க. இந்த அசிங்கம் ஒலகத்திலேயே ஒண்ணுதான்."

அப்புறம்தான் சிரித்தார். கடிதத்தை மறுபடி வாங்கி, "எஞ்சின்" என்ற இடத்தில் விரல் வைத்தார். "எஞ்சினுக்கு ஒன் பேப்பர் இருக்கு. இந்த நம்பர வச்சு அந்தத் தோட்டத்துக்கு எழுதினா போட்டுக்கும் பேப்பர் வரும். எஞ்சின் ஒன்னோடது, போட்டு என்னோடது. ஒன்ன விட்டா இத ஓட்ட எனக்கு வேற ஆள் யாரு?"

நாலரைக்கு ஹட்டன் பஸ், கூட்டமே இல்லை. நன்றாக இருட்டிய பிறகுதான் வட்டகொடை. பிலோமினா வாசலிலேயே நின்றாள். "கெடச்சுதா?"

"பாதி."

"பாதிப் போட்டுல எங்கங்க போறது?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். "பொய் சொல்லலேல்ல, அது போதும்" என்றாள். ஆனால் பெட்டியைத் தொடவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆபீஸிலிருந்து பதில் வர ஆறு வாரமானது. தகட்டு எண்ணும் அவர்கள் புத்தகத்தில் இருந்த எண்ணும் ஒன்றே. விற்றதற்கான கடிதமும் சேர்த்து அனுப்பினார்கள். அணைக்கட்டு ஆபீஸில் இரண்டு பேர் பெயருக்கும் அனுமதி தந்தார்கள். அந்த ஆறு வாரமும் கட்டிய பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

இனி, போகிறவர்களுக்கு. பிப்ரவரி, மார்ச்சில் போங்கள், தண்ணீர் இறங்கி அடிப்பாகம் நன்றாகத் தெரியும். காலில் ஏறும் அட்டைக்குத் தேய்க்கச் சவர்க்காரமும், சேற்றுக்குப் பழைய செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹட்டனில் யாத்திரைப் பருவத்து பஸ்ஸில் கேட்காமல் ஏறுங்கள். படகைப் பார்த்ததும் முதலில் மனசைக் கட்டுங்கள், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பெயரை நம்பாதீர்கள், பெயரை மாற்ற ஒரு தூரிகை போதும். பெயின்ட்டை நம்பாதீர்கள், ஏன் என்று சொல்லிவிட்டேன். தரைப்பலகையைத் தூக்கி அடியில் பாருங்கள், பழைய காயங்கள்தான் உண்மை பேசும். ஸ்டியரிங் பலகையிலும், எஞ்சினுக்கு முன்னால் உள்ள குறுக்குக்கட்டையிலும் தகடு தேடுங்கள். தகடு இல்லாவிட்டால் திருகாணி ஓட்டையாவது தேடுங்கள். சாக்குக்கட்டி மறக்க வேண்டாம். எஞ்சின் எண்ணை வைத்துப் படகின் வயதைச் சொல்லாதீர்கள். முப்பது வருஷத்துப் படகில் ஐந்து வருஷத்து எஞ்சின் இருக்கும், தலைகீழாகவும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிக் காகிதம் வாங்குங்கள். முக்கியமாக, உங்களுடையது இல்லை என்று தெரிந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஓடாத படகைவிட மோசமானது, ஓடும்போதெல்லாம் உறுத்துகிற படகு.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று உட்காரப் பலகை இன்னும் போடவில்லை. முந்தின நாள் அதைப் பிலோமினாவிடம் சொல்லியிருந்தேன். காலை பஸ்ஸில் வந்திறங்கினாள், தலையில் ட்ரங்குப் பெட்டி. அவள் அப்பா அம்மா மறுமாதம் புறப்படுவதாக இருந்தது, இவளும் கிளம்பிவிட்டாள் என்றே நினைத்தேன். நேராகச் சேற்றில் இறங்கி வந்தாள், பெட்டியைப் படகுக்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வைத்தாள், மேலே ஏறி உட்கார்ந்தாள்.

"பொட்டியில என்ன புள்ள?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. காலிப் பொட்டி. ஒக்காரப் பலகை இல்லேன்னீங்களே" என்றாள். "எஞ்சினப் போடுங்க."